உடன் அடக்கம்

முதலில் இரும்பு அடிக்கோலைத் துடைக்கிறார். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். துடைத்த கைக்குட்டையிலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சுற்றி மேஜை ஓரத்தில் வைக்கிறார். ஒரு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் பதிவேட்டைத் திறக்கிறார். தேடும் வரிக்குக் கீழே அடிக்கோல் படுத்துக்கொள்ளும். மற்ற வரிகளை ஒரு வெள்ளை அட்டை மூடிவிடும். "அடுத்த வீட்டுச் சாவை நாம எதுக்கும்மா எட்டிப் பார்க்கணும்" என்பார். யாராவது ஆர்வத்தில் பக்கத்தின் மேல் கையைக் கொண்டுவந்தால், அடிக்கோலின் முனை அந்த விரலை மெல்ல ஓரங்கட்டும். "விரல் வேணாம். கோல் இருக்கு." பதிவறைக் கண்காணிப்பாளரின் விரலுக்கும் ஒருமுறை இதே மரியாதை நடந்தது.

நகரத்தின் பழைய பதிவேடுகள் இருக்கும் அந்த அறையில், மொழிபெயர்ப்பு வேலையாக எட்டு மாதம் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அங்கே எல்லோரும் அவரை 'புரூஃப் சார்' என்பார்கள். முப்பது வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். இப்போது குடும்ப வரலாறு தேடுபவர்களுக்காகப் பழைய பதிவுகளில் ஆதாரம் தேடிக் கொடுக்கிறார். இரண்டு வேலைக்கும் ஒரே பெயர் பொருந்திப்போனதில் அவருக்கு ஒரு சின்னத் திருப்தி உண்டு. வயது அறுபத்து மூன்று. ஒல்லி. கண்ணாடிகள் இரண்டு. "மனுஷங்களுக்கு ஒண்ணு, எழுத்துக்கு ஒண்ணு." எழுத்துக் கண்ணாடி போட்டிருக்கும்போது யாராவது பேசினால் நிமிர்ந்து பார்ப்பார். ஆனால் எதிரே இருப்பவர் முகம் அவருக்குப் புகைமூட்டமாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் அவரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அலுவலகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

வருகிறவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான். கொள்ளுத்தாத்தா யார், எங்கே இருந்தார், என்ன செய்தார். "எல்லாருக்கும் கொள்ளுத்தாத்தா பெரிய ஆளா இருந்தாகணும். தேடிப் பார்த்தா முக்கால்வாசிப் பேரு தபால்காரங்க. அதையும் பக்குவமா சொல்லணும், 'தகவல் தொடர்புத் துறை'ன்னு." கிளைகிளையாகப் பெயர் எழுதின பெரிய தாளை அவர் சுருட்டிக் கொடுப்பார். அவர்கள் நன்றி சொல்லி எழுந்திருப்பார்கள். அவர் பென்சிலைக் கீழே வைக்க மாட்டார். அவர்கள் கதவில் கை வைக்கும்வரை காத்திருப்பார். வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் திரும்பி நிற்பார்கள்.

"சார், இன்னொண்ணு கேக்கணும். எனக்கு மேல ஒண்ணு இருந்துச்சாம். பொறக்கும்போதே..."

அந்த வாக்கியத்தை யாரும் முடித்து நான் கேட்டதில்லை. அவரும் முடிக்கச் சொல்வதில்லை. "உட்காருங்க. அம்மா பேரு, மாசம், வருஷம். வேற எது ஞாபகம் வந்தாலும் சொல்லுங்க, சம்பந்தமில்லாம இருந்தாலும் பரவாயில்ல" என்று புதுப் பக்கம் திருப்புவார். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'வாசல்படிக் கேள்வி'. இப்போது அவர் வேலையில் பெரும்பங்கு இதுதான்.

இறந்து பிறந்த குழந்தையைத் தேடுவது மற்றவர்களைத் தேடுவதுபோல இல்லை. பிறப்புப் பதிவேட்டில் இருக்காது, உயிரோடு பிறக்கவில்லை என்பதால். இறப்புப் பதிவேட்டிலும் இருக்காது, பிறக்காதது எப்படி இறக்கும் என்பதால். "ரெண்டு ஆபீசும் 'எங்க ஆள் இல்ல'ன்னு கைவிரிச்சிரும்." மருத்துவமனையில் இதற்கென்று தனிப் புத்தகம் உண்டு. ஆனால் இந்த நகரத்தின் பெரிய மருத்துவமனையில் ஒரு காலத்தில் குழாய் உடைந்து, பழைய புத்தகங்கள் எல்லாம் நனைந்து ஒட்டிக் காய்ந்து செங்கல்லாகிவிட்டன. மிச்சமிருப்பது இடுகாட்டுப் பதிவேடு ஒன்றுதான். அதில் தலைப்புகள் வேறொரு மொழியில் அச்சாகியிருக்கும். கையெழுத்து தமிழில் இருக்கும். அடக்கம் செய்தவர் எழுதியது. குழந்தைக்குப் பெயர் கிடையாது. அதிர்ஷ்டம் இருந்தால் தாயின் பெயருக்குப் பக்கத்தில் 'சிசு' என்று இருக்கும்.

அதிர்ஷ்டம் இல்லாதவர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார். மூன்றே வரி. பிறப்புப் பதிவு இல்லை. இறப்புப் பதிவு இல்லை. அடக்கப் பதிவு இல்லை. கீழே தேதி, கையெழுத்து. மற்ற தேடுநர்கள் 'கிடைக்கவில்லை' என்று எழுதுவார்கள். இவருக்கு அது பிடிக்காது. "கிடைக்கவில்லைன்னு எழுதுறது சோம்பேறித்தனம். அது நம்மளப் பத்தின வாக்கியம், பதிவைப் பத்தினது இல்ல. ஒழுங்காத் தேடினவன் 'இல்லை'ன்னு எழுதணும்." பதினோரு வருஷத்தில் இப்படி நாற்பத்து மூன்று 'இல்லை'கள் எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றின் நகலும் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறது.

பதிவறைக்குள் போக வாசலில் ஒரு வருகைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர், நேரம், நோக்கம், உடன் வந்தவர். கடைசிக் கட்டத்தில் அவர் ஒரு சின்னக் கோடு போடுவார். வாசல் மேஜையில் இருக்கும் பெண் ஊழியருக்கு அந்தக் கோடு ஒரு பொழுதுபோக்கு.

"என்ன சார், இன்னிக்கும் தனியாவா? பதினோரு வருஷத்துல ஒரு ஆளைக்கூடக் கூட்டிட்டு வர முடியலையா உங்களால?"

"என் கூட வர்றவங்க எல்லாம் எனக்கு முன்னாடியே உள்ள வந்து உட்கார்ந்திருக்காங்கம்மா."

"அய்யோ சாமி, காலங்காத்தால."

மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி இருக்கும். யாருக்காகவோ ஒரு பழைய ஆண்டின் இடுகாட்டுப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கை நின்றது. அடிக்கோல் நகரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வாசல் மேஜைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதையும் தொடவில்லை. பிறகு, எழுத்துக் கண்ணாடியோடு என் பக்கம் நிமிர்ந்தார்.

"ஏம்மா, 'உடன்'னா என்ன?"

"உடனே. தாமதமில்லாம."

"வேற?"

"கூட. சேர்ந்து."

"அதான்" என்றார். 

விஷயம் இதுதான். அந்தப் பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில், சில பெரியவர்களின் வரிக்கு எதிரே 'உடன் அடக்கம்' என்று இருக்கும். கூடவே 4/11, 4/6 என்று ஏதோ எண். எல்லாம் மருத்துவமனையிலிருந்து வந்த, உறவினர் யாரும் இல்லாத உடல்கள். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, அதனால் உடனே அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று அவர் பதினோரு வருஷமாகப் படித்துவந்தார். எண்ணை அனுமதிச் சீட்டின் எண் என்று எடுத்துக்கொண்டார். அன்று அவர் அடிக்கோலுக்கு மேலே வந்த வரியில், எழுபது வயது முதியவர் ஒருவரின் பெயருக்கு எதிரே, 'உடன் இரண்டு அடக்கம். 4/9' என்று இருந்தது.

உடனே இரண்டு பேரை எப்படி அடக்கம் செய்வது? ஒரு வரியில் ஓர் ஆள்தான் இருக்கிறார். அப்படியானால் அவரோடு கூட இரண்டு. மருத்துவமனையில் நான்காவது வார்டு பிரசவ வார்டு. ஒன்பது, கட்டில் எண். இரட்டைக் குழந்தைகள். மருத்துவமனையிலிருந்து ஒரே வண்டியில் வந்தவை. ஆட்சேபிக்க யாரும் இல்லாத ஒருவரின் குழியில், அவரோடு வைத்துவிட்டு, எழுதியவர் நேர்மையாகக் குறித்தும் வைத்திருக்கிறார். எழுதியதில் பிழை இல்லை. படித்ததில்தான்.

"தெனமும் காலையில அந்தச் சொல்லுக்குக் கீழதான் கோடு போட்டுட்டு உள்ள வர்றேன்" என்றார் மறுநாள். "உடன் வந்தவர். அதை மட்டும் உடனே வந்தவர்னு நான் படிக்கல பாருங்க."

நான் படித்த இன்னொரு மொழியில் இந்தக் குழப்பம் வராது, இரண்டுக்கும் இரண்டு சொற்கள் என்று சொன்னேன். யோசித்தார்.

"அப்ப தப்பு என்னுது இல்ல, மொழியோடதுன்னு சொல்லிரலாமா?" கொஞ்ச நேரம் கழித்து அவரே, "வேணாம். மொழி பாவம்" என்றார்.

அன்றிலிருந்து நாற்பத்து மூன்று 'இல்லை'களையும் திரும்பத் தேடுகிறார். யாரும் கேட்கவில்லை. புதுத் தேடல்கள் காத்திருக்கின்றன. வெள்ளை அட்டையை இப்போது மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். எந்த வரியில் யார் உடன் இருப்பார்கள் என்று தெரியாதே. ஒவ்வொரு வரியையும் கடைசிக் கட்டம்வரை படிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முந்நூறு வரி. தேதி சரியாகத் தெரியாதவர்களுக்கு ஒரு வருஷம் முழுக்க. பிற்பகலில் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றிவிட்டு உள்ளங்கைகளால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படியே தூங்கியும் போவார். கைபேசியில் மனைவியின் குரல் எதிர் மேஜைவரை கேட்கும். "ஏங்க, பொழுதுக்கும் பொறக்காத பிள்ளைங்க பின்னாடியே அலையுறீங்க. பொறந்த மகளுக்கு ஒரு போன் பண்ணுங்க, அவ கேட்டுட்டே இருக்கா." "பண்றேன்" என்பார். மாலையில் கடிகாரத்தைக் கட்டும்போது நினைவு வந்து, "அங்க இப்ப அவ தூங்கியிருப்பா" என்று என்னிடம் சொல்வார்.

பதினெட்டைத் திரும்பப் பார்த்து முடித்தபோது, பதினொன்று கிடைத்திருந்தன. பத்துப் பேருக்கு எழுதி அனுப்பிவிட்டார். ஒருவருக்கு மட்டும் எழுத முடியவில்லை.

அந்த ஒருவர் ஓர் அம்மாள், தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. தனியாக இருக்கிறார். இருபத்தைந்து வயதில் முதல் பிரசவம். மயக்கம் தெளிந்தபோது, ஆண் குழந்தை, இறந்துதான் பிறந்தது என்றார்கள். காட்டவில்லை. கணவர் ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு குழந்தை இல்லை, அதைப் பற்றிக் கணவர் பேசவும் இல்லை. கணவர் இறந்த பிறகு, ஆறு வருஷத்துக்கு முன்னால், இந்த அம்மாள் புரூஃப் சாரைத் தேடி வந்தார். தேதி, மணி, எல்லாம் பிசிறில்லாமல் சொன்னார். "நாலாவது வார்டு, பதினேழாம் கட்டில். நம்பரை நான் மறக்க மாட்டேன் தம்பி, அதுதான் என் பொழப்பு." சம்பந்தமில்லாதது என்று நினைத்தாலும் அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தத் தேதியை ஒட்டிய ஒரு வாரத்துப் பெயர்களை எல்லாம் பார்த்துவிட்டு, மூன்று 'இல்லை'களை எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தை அம்மாள் வேறு மாதிரி படித்தார். இறந்ததற்குப் பதிவு இல்லை. புதைத்ததற்கும் பதிவு இல்லை. அப்படியானால் அவன் சாகவில்லை. யாருக்கோ கொடுத்துவிட்டிருக்கிறார்கள், கணவர் கையெழுத்துப் போட்டது அதற்குத்தான், அதனால்தான் அவர் வாய் திறக்கவில்லை. ஆறு வருஷமாக அவருக்கு எங்கோ ஒரு மகன் இருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை, அந்தத் தேதியில், புரூஃப் சாருக்குப் போன் செய்து நன்றி சொல்வார். "நீங்க இல்லைன்னு எழுதிக் குடுத்தப்புறம்தான் தம்பி நான் தூங்குறேன். பஸ்ல யாராவது எழுந்து இடம் குடுத்தாங்கன்னா வயசு கேட்பேன். நாற்பத்தஞ்சு, நாற்பத்தாறுன்னா அவங்க இறங்குற வரைக்கும் பார்த்துக்கிட்டே வருவேன். தொந்தரவு பண்ண மாட்டேன்."

"பதிவு இல்லைங்கிறதால பிள்ளை இருக்குன்னு அர்த்தம் இல்லம்மான்னு ஒரு தடவை ஆரம்பிச்சேன்" என்றார் என்னிடம். "அவங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டப்புறம் மேல பேச வரல. நானே 'கிடைக்கவில்லை'ன்னு எழுதியிருந்தா அந்தம்மா இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டாங்க."

இப்போது அந்த வரி அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆண், 61, தையல் வேலை, உறவினர் இல்லை. உடன் அடக்கம். 4/17.

ஐந்து வாரம் அந்தக் கடிதத்தை எழுதினார். மேஜையில் கிழித்த தாள்கள். ஒருநாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். 'தங்கள் குழந்தையின் அடக்கப் பதிவு கிடைத்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன்' என்பதோடு நின்றிருந்தது. "கை பழக்கதோஷத்துல போயிருச்சு" என்று அவரே எடுத்துக் கிழித்தார். வாசல் மேஜைப் பெண்ணுக்கும் கதை தெரிந்திருந்தது. "விட்டுருங்களேன் சார். எழுபத்தியொரு வயசு. அந்தம்மா பாட்டுக்கு நிம்மதியா இருக்கட்டும். யாரு வந்து உங்களைக் கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். "ஆனா அந்தப் பிள்ளை அங்க இருக்கு. நாற்பத்தாறு வருஷமா ஒரே இடத்துலதான் இருக்கு. அவங்க பஸ்ல தேடிக்கிட்டு இருக்காங்க."

சொல்லிவிட்டாரே தவிர, அன்றும் எழுதவில்லை.

பிறகு அந்தத் தேதி வந்தது. போனும் வந்தது. வழக்கமாகத் தேடல் விஷயமான பேச்சை வெளியில் போய்த்தான் வைத்துக்கொள்வார். அன்று எழுந்திருக்க மறந்து மேஜையிலேயே எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் நன்றி முடியும்வரை பொறுத்திருந்தார். "அம்மா, ஒரு நாள் இங்க வர முடியுமா? ஒரு பக்கம் பார்க்கணும்... இல்ல, போன்ல வேணாம்... ஆமா. அதைப் பத்திதான்."  இணைப்பு அறுந்துவிட்டதா என்று கைபேசியைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து வந்தார்கள். அம்மாள் கையில் குடையும் ஒரு தோல் பையும். புரூஃப் சார் வருகைப் பதிவேட்டில் பெயர், நேரம், நோக்கம் எழுதினார். கடைசிக் கட்டத்தில் கை தானாகக் கோடு போடப் போய் நின்றது. 'ஒருவர்' என்று எழுதினார். வாசல் மேஜைப் பெண் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். எழுந்துபோய் ஒரு நல்ல நாற்காலியாகப் பார்த்துக் கொண்டுவந்து போட்டார்.

அடிக்கோலைத் துடைத்தார். கடிகாரத்தைச் சுற்றி வைத்தார். எழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பதிவேட்டைத் திறந்து, வரிக்குக் கீழே கோலை வைத்து, அம்மாள் பக்கம் திருப்பினார். அந்தக் கண்ணாடியைக் கழற்றாமலேயே எல்லாவற்றையும் சொன்னார். 'உடன்' என்றால் என்ன என்று தான் நினைத்தது, அது உண்மையில் என்ன, வண்டி, குழி, எண்கள். குரல் எழுத்துக்கூட்டிப் படிப்பது போல இருந்தது.  அவர் முடித்ததும் அம்மாள் வரியின் கடைசிக் கட்டத்தைத் தானே படித்தார்.

"பதினேழு" என்றார். "என் கட்டில்."

"ஆமாம்மா."

"ஆறு வருஷம் எனக்கு ஒரு பிள்ளை இருந்தான் தம்பி. உங்க லெட்டர்ல."

"நான் தப்பா எழுதிட்டேன்மா. அந்த லெட்டரைக் குடுத்துருங்க. சரியா வேற எழுதித் தர்றேன்."

அம்மாள் பையைத் திறந்தார். மடிப்புகள் நைந்த அந்தத் தாள் உள்ளேதான் இருந்தது. எடுக்கவில்லை. பையை மூடி, கொக்கியையும் போட்டார்.

"வேற எழுதிக் குடுங்க. இது என்கிட்டயே இருக்கட்டும்."

அவர் தலையசைத்தார். வெளியே யாரோ இரும்பு அலமாரியை இழுக்கும் சத்தம் வந்து நின்றது.

"இவரு யாரு?" என்று கேட்டார் அம்மாள், வரியைப் பார்த்துக்கொண்டே.

"தையல்காரர். அறுபத்தொண்ணு. சொந்தம்னு யாரும் இல்ல போல."

"அப்ப என்னைவிட ரொம்பப் பெரியவரு. இப்ப எனக்குத் தம்பி மாதிரி." சற்று நேரம் கழித்து, "துணி தைக்கிறவரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு அவருடைய கை மேஜையிலிருந்து எழுந்தது. இடது கைச் சுட்டுவிரல், அத்தனை வருஷம் எண்களைச் சுழற்றி நுனி கொஞ்சம் தட்டையாகிப்போன விரல், பக்கத்தின் மேல் வந்து, 'உடன்' என்ற சொல்லுக்குக் கொஞ்சம் மேலே தயங்கி நின்றது. கண்காணிப்பாளர் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார். புரூஃப் சார் அடிக்கோலை எடுத்தார். எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.